ஆண்பூ கிள்ளும் வேலை

காணாமல் போன ஒரு வெள்ளரிக்காய்க்காக ஒரு சுல்தான் தன் தோட்டக்காரர்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் வயிற்றையும் கிழித்துப் பார்க்கச் சொன்னானாம். பழைய கதை. உண்மையில் நடந்ததா என்று அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆனால் பசுமைக்குடில் முதலாளி அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி சொல்வான். காய் வாங்க வருகிறவர்கள், உரக் கம்பெனி ஆட்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், யார் வந்தாலும் சரி, பொட்டலம் கட்டும் கூடத்து மேசை முன் நிறுத்திக்கொள்வான். "முதல் ஆளு... இல்ல. ரெண்டாவது ஆளு... இல்ல" என்று ஆளுக்கொரு காயாகக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துக்கொண்டே போவான். மூன்றாவது காயில் "இந்தா, இருக்கு!" என்று கத்துவான். பிள்ளைகள் அலறுவார்கள். அவன் சிரிப்பான்.

அந்த நேரத்தில் அவன் மனைவி வேறு வேலை பார்க்கப் போய்விடுவாள். அவளுடைய இடது மணிக்கட்டுக்குள் ஓர் உலோகத் தகடும் நான்கு திருகாணிகளும் இருந்தன. அவற்றை அங்கே வைக்க வேண்டி வந்ததற்குக் காரணம் அவன் கை.

மணிக்கட்டு முறிந்த பிறகு இரண்டு வருடம் அவள் தம்பி வீட்டில் இருந்தாள். திரும்பி வந்து எட்டு மாதம் ஆகிறது. வந்த அன்று, தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"இனிமே உங்க கை ஒரு ஆள் மேல பட்டா, அது நானா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி, அன்னிக்கே நான் கெளம்பிடுவேன். அப்புறம் கூப்பிட வரக் கூடாது."

"படாது. சத்தியமா படாது" என்றான் கணவன்.

அவள் திரும்பியதற்கு அவன் அழுதது பாதிக் காரணம். மீதிப் பாதி அந்தக் குடில். அதை எழுப்பியபோது ஒவ்வொரு குழாய்க்கும் மறுமுனை பிடித்தவள் அவள். கூரைக் கம்பியிலிருந்து தரை வரை தொங்கும் இரண்டாயிரம் நூல்களையும் கட்டியவள் அவள். வெள்ளரிக்கொடி தானாக நிற்காது, நூலைச் சுற்றி ஏற்றிவிட வேண்டும். நல்ல வெயில் நாளில் ஒரு சாண் கூட வளரும் என்பதால் தினமும் சுற்ற வேண்டும். பக்கக் கிளைகளைக் கிள்ள வேண்டும், கீழ் இலைகளை அறுக்க வேண்டும். பிரிந்திருந்த இரண்டு வருடத்தில் கணவனை நினைத்த நேரத்தைவிட அந்த நூல்களை நினைத்த நேரம் அதிகம் என்பதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இன்னொரு முறை போனால் திரும்பி வர முடியாது என்பது மட்டும் தெரியும். நிபந்தனை போட்டவளே அவள்தானே.

அவள் தம்பி தேனீ வளர்ப்பவன். எந்தத் தோட்டத்தில் பூ இருக்கிறதோ அங்கே பெட்டிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் வைப்பான். குடிலுக்குப் பின்னால், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. இரண்டு மாதம் முன்னால் பதினொரு பெட்டிகளை அங்கே கொண்டுவந்து வைத்தான். இடம் கொடுத்ததே அத்தான்தான்.

"தாராளமா வை, மச்சான். என் குடில்ல உன் தேனீக்கு வேலையே இல்ல" என்றான் கணவன். "இது முழுக்கப் பொம்பளை ராஜ்ஜியம்."

பொய் இல்லை. சாதாரண வெள்ளரிக்கொடியில் ஆண்பூவும் பெண்பூவும் தனித்தனியாக மலரும். பெண்பூவைக் கண்டுபிடிக்கப் படிப்பு எதுவும் வேண்டாம். மஞ்சள் இதழுக்குப் பின்னால் விரல் நுனி அளவில் ஒரு குட்டி வெள்ளரிக்காய் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண்பூவுக்குப் பின்னால் வெறும் காம்பு. தேனீ ஆண்பூவின் மகரந்தத்தைக் கொண்டுவந்து பெண்பூவில் சேர்த்தால்தான் அந்தக் குட்டி பிழைக்கும், இல்லாவிட்டால் மஞ்சளடித்துச் சுருங்கி விழுந்துவிடும். குடிலில் வளர்ந்த ரகம் அப்படி இல்லை. அதில் பூப்பதெல்லாம் பெண்பூ. மகரந்தமே இல்லாமல் காய்க்கும். அதனால்தான் உள்ளே விதை இருக்காது. கடைக்காரர்கள் கேட்பதும் அதைத்தான்: முழங்கை நீளம், மெல்லிய தோல், மேலிருந்து கீழ்வரை ஒரே பருமன், நடுவே விதையில்லாத வெளிறிய பச்சை.

"ஆம்பளையே இல்லாத ஊரு. குடுத்து வச்ச செடிங்க" என்றாள் காய் அறுக்கும் பெண்களில் ஒருத்தி. அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை என்பதால் எல்லோரும் அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். கணவனே சிரித்துவிட்டான்.

ஆனால் அந்த ஊருக்குள் ஒரே ஒரு தேனீ காலில் மகரந்தத்தோடு நுழைந்துவிட்டால் போதும், பூவுக்குப் பூ வேலை கெட்டுவிடும். விதை பிடிக்கும். அது காயின் கடைசிப் பகுதியில், பூ ஒட்டியிருக்கும் முனையில்தான் அதிகம் பிடிக்கும். அந்த இடம் மட்டும் உருண்டு வீங்கி, காய் ஒரு உருட்டுக்கட்டை மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான் குடிலின் ஜன்னல்களுக்கெல்லாம் வலை. அதற்காகத்தான் கணவன் ஒரு விதி வைத்திருந்தான்: கண்ணுக்கு எட்டிய தூரம்வரை ஆண்பூ பூக்கிற எந்த வெள்ளரியும் இருக்கக் கூடாது.

அந்த விதியை அவள் மீறியிருந்தாள்.

மோட்டார் அறைக்குப் பின்னால், தொட்டியிலிருந்து வண்டல் வெளியே போகும் இடத்தில் ஆறு கொடிகள். அந்தப் பக்கம் கணவன் போனதே இல்லை, வண்டல் அள்ளுவது அவள் வேலை. வெறும் நாட்டு வெள்ளரி. தோல் தடிப்பு, மேலெல்லாம் சின்ன முள், உள்ளே விதை, கடித்தால் மூக்குவரை ஏறும் ஒரு பச்சை வாசனை. காம்புப் பக்கம் சில சமயம் கசக்கும். வடக்கே பெருமலைகளின் அடிவாரக் காட்டில் வளர்ந்த இதன் மூதாதைக் காய்கள் எல்லாமே அப்படிக் கசந்தவைதான். தின்ன வரும் விலங்கை வாந்தி எடுக்கவைக்கிற கசப்பு அது. மூவாயிரம் வருடத்துக்கும் முன்னால் அங்கே யாரோ கசப்பு குறைந்த கொடியாகப் பார்த்து விதை எடுத்து வைத்திருக்கிறார்கள். மறு வருடமும் அப்படியே. அங்கிருந்து அது மேற்கே போனது. தினமும் வெள்ளரி வேண்டும் என்று அடம்பிடித்த ஒரு ரோமானியப் பேரரசனுக்காகப் பாத்திகளுக்குச் சக்கரம் பூட்டி வெயில் பக்கம் தள்ளினார்கள், குளிருக்கு ஒளி ஊடுருவும் கல் தகடுகளால் மூடினார்கள். கண்ணாடிக் குடிலுக்கு அதுவே முன்னோடி. பிறகு சில குளிர்நாடுகளில் பச்சை வெள்ளரி ஆளைக் கொல்லும் என்று பயந்து மாட்டுக்குப் போட்டதும் நடந்தது. இவ்வளவையும் கணவன் பிள்ளைகளுக்குச் சொல்வான். சொல்லி முடித்து, சுவரில் அவனே எழுதி மாட்டிய பலகையைக் காட்டுவான்: நூறு பங்கில் தொண்ணூற்றைந்து தண்ணீர், வெயிலில் வேலை செய்கிறவனுக்கு அதுதான் முதல் மருந்து, பொட்டாசியம், இரத்த அழுத்தத்துக்கு, தோலில் வைட்டமின் கே, சீவி எறியாதீர்கள், நார்ச்சத்து, வயிற்றுக்கு. எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் அவன் வளர்த்த காயைவிட அவளுக்குத் தன் ஆறு கொடியின் காய்தான் ருசித்தது. உப்பு தொட்டுத் தின்பாள், யாருக்கும் தெரியாமல்.

மீறினாலும் கவனமாகத்தான் மீறினாள். விடிந்ததும் தேனீ கிளம்பும் முன் அங்கே போவாள். மலர்ந்த ஆண்பூ ஒன்றைப் பறித்து, இதழை உரித்து, அதைக்கொண்டே பெண்பூ ஒவ்வொன்றையும் தொடுவாள். அவளுக்கு வேண்டிய நாலைந்து காய்க்கு அது போதும். பிறகு மிச்சமிருக்கும் ஆண்பூக்கள் எல்லாவற்றையும் கிள்ளித் தண்ணீர் வாளியில் அமுக்கிவிடுவாள். தேனீ வந்து பார்க்கும்போது அங்கே எடுக்க ஒன்றும் இருக்காது. எட்டு மாதத்தில் ஒரு நாள் தவறியதில்லை. பதினொரு நாள் முன்னால்வரை.

அன்று கணவன் விதை வாங்க நாலு நாள் பயணமாக வெளியூர் போயிருந்தான். நண்பகலில் குடிலின் காற்றாடி நின்றுபோனது. உள்ளே வெப்பம் உடம்பை அவித்தது. ரேடியோ பேசிக்கொண்டிருந்தவள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினாள். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள் மல்லாந்து விழுந்து, இரும்புத் தள்ளுவண்டியின் விளிம்பில் மண்டை மோதி, கண் மேலே சொருகிக் கிடந்தாள். மனைவி பின்சுவரின் கீழ் வலையைச் சுருட்டித் தூக்கிக் கட்டினாள். காற்று வந்தது. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். தலையில் ஏழு தையல். அன்று இரவும் மறுநாள் இரவும் துணைக்கு அங்கேயே தங்கினாள். மூன்றாம் நாள் மதியம் வந்துதான் வலையை இறக்கிவிட்டாள்.

இரண்டு விடியற்காலை ஆண்பூ கிள்ளவில்லை. மூன்று பகல் வலை திறந்து கிடந்தது.

வெள்ளரி, பூவிலிருந்து அறுவடைக்கு வரப் பத்துப் பன்னிரண்டு நாள்.

*

இன்று காலை ஏழு மணிக்கு முதல் காய்ப் பெட்டிகள் பொட்டலக் கூடத்துக்கு வந்தன. கணவன் ஒரு காயை எடுத்தான். வைத்தான். இன்னொன்றை எடுத்தான். பெட்டியை அப்படியே மேசையில் கவிழ்த்தான். முப்பது காயில் இருபதுக்கு முனை உருண்டு வீங்கியிருந்தது.

கத்தியை எடுத்துக் கிழித்தான். விதை. அடுத்ததைக் கிழித்தான். விதை. இந்த முறை யாருக்கும் கதை சொல்லவில்லை. பத்து, பதினைந்து, இருபது என்று கிழித்துக்கொண்டே போனான். மேசையிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் காலணியை நனைத்தது. கத்தி ஒரு தடவை வழுக்கி அவன் கட்டை விரலையும் கிழித்தது. அதைக்கூட அவன் பார்க்கவில்லை.

வாசலில் நின்ற மனைவிக்கு முதல் விதையைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. எந்தப் பூ, எந்த நாள், எந்த ஓட்டை, எல்லாம். வாயைத் திறந்தாள். கத்தி பிடித்த அந்தக் கையைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"போன வாரம் உன் தம்பி பெட்டிய எங்க கொண்டு போனான்?" என்றான் கணவன், தலை நிமிராமல்.

"சூரியகாந்திக்கு. உங்ககிட்ட சொல்லிட்டுத்தானே போனான்."

"சூரியகாந்தியாம். ஆத்துக்கு அந்தாண்ட எவனோ வெள்ளரி போட்டிருக்கான். அங்கதான் வச்சிருக்கான். அங்கேருந்து மகரந்தத்த அப்பிக்கிட்டு நேரா இங்க." அவன் கத்தியை மேசையில் குத்தினான். அது நின்று ஆடியது. "என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டான்."

"அவன் அப்படிச் செய்ய மாட்டான். கேட்டுட்டு..."

"கேக்கத்தான் போறேன்."

கூரை ஜன்னலைத் தள்ளித் திறக்க ஒரு நீள இரும்புக் கம்பி உண்டு. அதைச் சுவரிலிருந்து எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக இறங்கினான்.

அவள் பின்னால் ஓடினாள். ஓடும்போதே இரண்டு பக்கமும் எடைபோட்டது மனம். இப்போது உண்மையைச் சொன்னால் அந்தக் கம்பி அவள் பக்கம் திரும்பும். திரும்பினால் நிபந்தனைப்படி அவள் போயாக வேண்டும். சொல்லாவிட்டால் தம்பி மேல் விழும். விழுந்தாலும் நிபந்தனைப்படி அவள் போயாக வேண்டும். எப்படிப் பார்த்தாலும் இழப்பு குடில்தான். ஆனாலும் வாயிலிருந்து வந்ததெல்லாம் "நில்லுங்க, நில்லுங்க" என்பது மட்டும்தான்.

தம்பி ஒரு பெட்டியின் மூடியைத் திறந்து வைத்து, முகவலை இல்லாமல், கையில் புகையூதியோடு குனிந்திருந்தான். புகை பட்டால் தேனீக்கள் சாந்தமாகிவிடும், மணத்தால் பேசுகிற அவற்றின் பேச்சைப் புகை மறைத்துவிடும். அதனால்தான் அவன் வெறும் முகத்தோடு நின்றான்.

"வாங்க அத்தான். தேன் இந்தத் தடவ..."

கம்பி முதல் பெட்டியில் விழுந்தது. மரம் பிளந்தது. இரண்டாவது பெட்டியைக் காலால் உதைத்துத் தள்ளினான். மூன்றாவதைக் கம்பியால் நெம்பிக் கவிழ்த்தான். மெழுகு அடைகள் புல்லில் சிதறி, தேன் மண்ணோடு கலந்து, அதில் புழுக்கள் வெள்ளையாகத் துடித்தன. உள்ளேயிருந்து கிளம்பிய சத்தத்தை ரீங்காரம் என்று சொல்ல முடியாது. அது ஓர் உறுமல்.

ஒரு தேனீ கொட்டும்போது கொடுக்கு தோலிலேயே தங்கிவிடுகிறது. அதோடு தேனீயின் வயிறும் கிழிந்து, நஞ்சுப்பை தோலில் ஒட்டியபடியே துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கிறது. தேனீ செத்துவிடும். ஆனால் சாகும்போது அந்த இடத்தில் ஒரு மணத்தை விட்டுப்போகும், பழுத்த வாழைப்பழ மணம். மற்றவற்றுக்கு அது ஒரு கட்டளை: இங்கேதான், இங்கேயே கொட்டு. கறுப்பு நிறத்தைத் தேடி வரும். மூச்சு வரும் இடத்தைத் தேடி வரும். கணவன் போட்டிருந்தது கறுப்புச் சட்டை. கத்திக்கொண்டே இருந்ததால் வாயும் திறந்திருந்தது.

"அத்தான்! அடிக்காதீங்க! ஓடுங்க, தண்ணிக்கு ஓடுங்க!" தம்பி அவன் தோளைப் பிடித்து வாய்க்கால் பக்கம் இழுத்தான். காப்பாற்றத்தான் இழுத்தான்.

கணவன் திரும்பிய வேகத்தில் கம்பி சுழன்று தம்பியின் தோள்பட்டையில் இறங்கியது. கழுத்தெலும்பு ஒடிந்த சத்தம், பச்சைக் குச்சி ஒடிகிற மாதிரி, அவளுக்குக் கேட்டது. தம்பி முட்டிபோட்டு விழுந்தான். புகையூதி உருண்டு போனது. கணவன் கம்பியை மறுபடி ஓங்கினான். அவன் கண்ணிமைகள் அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தன. இந்த அடி தலையில் விழும்.

"பூ என்னோடது!" என்று கத்தினாள் அவள்.

கம்பி அந்தரத்தில் நின்றது. அவன் எவ்வளவு கோபத்திலும் வெள்ளரிக்காரன். பூ என்ற சொல் அவன் காதில் ஏறிவிட்டது.

"என்ன பூ?"

"ஆண்பூ. மோட்டார் ரூமுக்குப் பின்னாடி. ஆறு கொடி. நாந்தான் போட்டேன். அவன் எந்த வெள்ளரிக்கும் பெட்டியக் கொண்டு போகல."

"தம்பியக் காப்பாத்தப் பொய் சொல்ற."

"வந்து பாருங்க."

அவள் காதில், கழுத்தில், மேலுதட்டில் தேனீக்கள் கொட்டிக்கொண்டிருந்தன. கைகளை வீசவில்லை, வீசினால் இன்னும் வரும். வாய்க்கால் தண்ணீரைக் கடந்து மோட்டார் அறைப் பக்கம் நடந்தாள். தண்ணீருக்குள் இறங்கி ஏறியதில் பாதித் தேனீக்கள் பின்தங்கின. கணவன் கம்பியோடு பின்னால் வந்தான். சத்தம் கேட்டு அறுவடைப் பெண்கள் ஏழெட்டுப் பேர் குடிலின் பின்வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொருத்தி கையிலும் காம்பு நறுக்கும் சின்ன வளைந்த கத்தி. அவள் கையிலும் அது இருந்தது. காலையிலிருந்து கீழே வைக்க மறந்திருந்தாள்.

சுவருக்குப் பின்னால் ஆறு கொடிகள் வேலியில் படர்ந்திருந்தன. கொடியின் பற்றுக்கம்பிகள் துருப்பிடித்த கம்பிவலையைச் சுற்றி இறுக்கியிருந்தன. அன்று காலையும் அவள் பூ கிள்ளியிருந்தாள். வாளியில் ஆண்பூக்கள் அமுங்கிக் கிடந்தன. ஒன்றை எடுத்து நீட்டினாள். அதன் பின்னால் வெறும் காம்பு.

"தினமும் கிள்ளிடுவேன். ரேடியோ மயங்கி விழுந்தப்ப ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில இருந்தேன், கிள்ளல. காத்துக்காக வலையத் தூக்கிக் கட்டினேன், மூணு நாள் இறக்கல. கிள்ளாத அந்த ரெண்டு நாள் பூதான் இன்னிக்குக் காயா வந்திருக்கு. எண்ணிப் பாருங்க." மேலுதடு தடித்து அவள் பேச்சு குழறியது. "அவ்வளவுதான் கெட்டுச்சு. ரெண்டு நாள் காய். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் நல்ல காய்."

கணவன் விரல் விட்டு எண்ணினான். உண்மையாகவே எண்ணினான். உதடு அசைந்தது. பத்து, ஒன்பது. கணக்குச் சரியாக இருந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தம்பி ஒரு கையால் மறுகையைத் தாங்கிக்கொண்டு முனகுவது கேட்டது. இரண்டு நாள் காய்க்காக அவன் செய்தது என்ன என்பது அந்த வீங்கிய முகத்தில் மெல்ல மெல்ல ஏறியது. வேறு ஒருவனாக இருந்திருந்தால் அங்கேயே இடிந்து உட்கார்ந்திருப்பான். இவனுக்கு, தான் தப்பு என்று தெரிந்த நொடிதான் எப்போதும் மோசமான நொடி.

"என்னை முட்டாளாக்கிட்டியேடி."

"முதலாளி, கம்பியக் கீழ போடுங்க" என்றாள் ரேடியோ பின்னாலிருந்து. தலையில் கட்டு இன்னும் இருந்தது. "நல்லா இருக்காது. போடுங்க."

"நீ யாரு எனக்குச் சொல்ல?"

"உங்க குடில்ல மண்டை ஒடஞ்சவ. வேற யாரு சொல்லுவா?"

அவன் கம்பியைச் சுழற்றினான், மனைவி மேல். அவள் இடது கையைத் தூக்கினாள். இரும்பு மணிக்கட்டில் விழுந்து உள்ளே இருந்த தகட்டில் மோதியது. அந்த அதிர்வு அவள் பல்வரை ஏறியது. தகடு வளைந்தது. திருகாணி ஒன்று எலும்பைப் பிளந்துகொண்டு கழன்றதை அவளால் துல்லியமாக உணர முடிந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது அடிக்கு அவன் கம்பியைத் தூக்கியபோது அவள் பின்வாங்கவில்லை, உள்ளே புகுந்தாள். நீளமான கம்பி தூரத்தில் இருப்பவரைத்தான் அடிக்கும், நெஞ்சோடு நெஞ்சு நிற்பவரை அடிக்க முடியாது. வலது கையிலிருந்த வளைந்த கத்தியை அவன் முன்கையில் வைத்து, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை, காம்பை இழுத்து அறுக்கிற அதே இழுப்பில் இழுத்தாள்.

முதலில் ஒரு வெள்ளைக் கோடு. பிறகு அது சிவந்து திறந்தது. அவன் விரல்கள் தாமாகவே விரிந்தன. கம்பி கீழே விழுந்தது. ரேடியோ ஓடிவந்து அதன் மேல் இரண்டு காலையும் வைத்து நின்றுகொண்டாள்.

"வெட்டிட்டா" என்றான் அவன், யாரிடமோ புகார் சொல்வது போல. "என்னை வெட்டிட்டா."

பெண்கள் அவனைச் சுற்றி நெருங்கி நின்றார்கள். யாரும் கத்தியை ஓங்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

*

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பொட்டலக் கூடத்தின் தரையில் தம்பியைப் படுக்கவைத்து, தோள் அசையாமல் துணியால் கட்டினார்கள். ரேடியோ கத்தியின் முதுகுப் பக்கத்தால் அவன் முகத்திலிருந்த கொடுக்குகளைச் சுரண்டி எடுத்தாள், கிள்ளினால் நஞ்சுப்பை இன்னும் கொஞ்சம் பிழியும். பிறகு மேசையில் கிழித்துக் கிடந்த வெள்ளரிகளை அவன் கண் மேலும் மனைவியின் கழுத்து மேலும் அடுக்கினாள். அது நஞ்சை எடுக்காது. அந்தக் காயில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், அது தோலின் சூட்டை வாங்கிக்கொண்டு ஆவியாகும். எரிச்சல் கொஞ்ச நேரம் அடங்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்ச நேரம் இப்போது தேவைப்பட்டது.

"முப்பத்தெட்டு" என்றாள் ரேடியோ. "உன் மூஞ்சியில மட்டும் முப்பத்தெட்டுக் கொடுக்கு, தேன்காரா. வளத்த கடாவே மார்ல பாஞ்சிருச்சு."

"சிரிக்க வைக்காதீங்க. எலும்பு குத்துது." தம்பி ஒரு வெள்ளரித் துண்டை நகர்த்தி ஒரு கண்ணால் பார்த்தான். "அக்கா. உன் துணிமணி என்ன இருக்குன்னு சொல்லு. இவங்க எடுத்துட்டு வரட்டும். ஆஸ்பத்திரியிலேருந்து நேரா நம்ம வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் இடது கை மடியில் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. கதவு வழியாகக் குடிலின் முதல் வரிசை தெரிந்தது. நாற்பது நூல், நாற்பது கொடி. மூன்றாவது கொடியின் நுனி நூலை விட்டு விலகி ஆடிக்கொண்டிருந்தது. இன்று யாரும் சுற்றிவிடவில்லை.

கணவன் கூடத்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். முன்கையில் துணி சுற்றியிருந்தது. கண் இரண்டும் மூடிவிட்டன. முகம் அடையாளம் தெரியாமல் ஊதியிருந்தது.

"போறியா?" என்றான், சத்தம் வந்த பக்கமாகத் திரும்பி. "சொன்ன மாதிரியே போறியா?"

அவளுக்கு அப்போதுதான் அது பிடிபட்டது. எட்டு மாதமாக அவள் அந்த நிபந்தனையை ஒரே பக்கமாகத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருந்தாள். அதன் மறுபக்கத்தைப் பார்த்ததே இல்லை.

"நான் சொன்னதுதான் தப்பு" என்றாள். "உன் கை பட்டா நான் கெளம்பிடுவேன்னு சொன்னேன். அடிச்சவன் நீ. நான் எதுக்குக் கெளம்பணும்?"

"என்ன பேசற? இது என் குடிலு."

"நூல் நான் கட்டினது. போலீஸ்காரங்க ஆஸ்பத்திரிக்கு வருவாங்க. நான் என்ன பண்ணினேன்னும் சொல்லுவேன், நீ என்ன பண்ணினேன்னும் சொல்லுவேன். ஆறு கொடியச் சொல்லுவேன், கத்தியச் சொல்லுவேன். அவனோட தோளச் சொல்லுவேன், இந்தக் கையச் சொல்லுவேன். மொத தடவ இந்தக் கை ஒடிஞ்சப்ப ஆஸ்பத்திரியில கால் வழுக்கிக் கீழ விழுந்தேன்னு எழுதிக் குடுத்தேனே, அதுவும் பொய்யின்னு சொல்லுவேன். அப்புறம் யாரு குடிலுன்னு பேசிக்கலாம். இன்னிக்கு நீ இங்க திரும்பி வரக் கூடாது."

அவன் எழுந்திருக்கப் பார்த்தான். நிலைப்படியைக் கை தேடியது, கிடைக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தான்.

இரண்டு ஆம்புலன்ஸ் வந்தன. முதலாவதில் கணவனை ஏற்றினார்கள். அவன் ஏதோ சொன்னான், கதவு மூடியதில் கேட்கவில்லை. இரண்டாவதில் தம்பியை ஏற்றி, அவளையும் ஏறச் சொன்னார்கள். ஒரு காலைப் படியில் வைத்தவள் நின்றாள்.

"ரேடியோ."

"என்னக்கா?"

"முனை வீங்கின காய் எல்லாத்தையும் அறுத்துடுங்க. ஒண்ணுகூட மிச்சம் வைக்காதீங்க."

"விக்க முடியாத காய எதுக்குக்கா மெனக்கெட்டு அறுக்கணும்? அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே."

"விட்டா உள்ள வெத முத்தும். வெத முத்திட்டா, வந்த வேல முடிஞ்சுதுன்னு கொடி நெனச்சுக்கும். புதுசாக் காய் விடறத நிறுத்திடும். அறுத்துட்டா மறுபடி மொதல்லேருந்து ஆரம்பிக்கும்."

"எத்தன வரிசை?"

"அம்பதும். மொதல் வரிசையில மூணாவது கொடி நூல விட்டிருக்கு, அதச் சுத்திவிடு."

"சரி. நீ எப்ப வருவ?"

"கட்டுப் போட்டதும்" என்று சொல்லி, முறியாத கையால் பிடித்து ஏறினாள்.